வேடர்ஸ் வாங்க முன் கால் நீளத்தை அளந்து பாருங்கள்

கனடாவில், ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றில் ஆறு சீசனாக ஃப்ளை ஃபிஷிங் (பூச்சிபோல் கட்டிய செயற்கை இரையால் மீன் பிடிப்பது) செய்கிறேன். இதுவரை மூன்று வேடர்ஸ் போட்டுப் பார்த்தாயிற்று. இப்போது மூன்றாவது சீசனாகப் போடுவது சிம்ஸ் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டோன் ஸ்டொக்கிங்ஃபுட் (பூட்ஸ் ஒட்டாமல் காலுறையோடு முடியும் வகை), எம்.எஸ் அளவு. அதாவது மீடியம், ஆனால் கால் குட்டை. அந்த "கால் குட்டை" என்ற விஷயத்தை எனக்கு ஒருவரும் முதலே சொல்லித் தரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆற்றில் இறங்காதவர்களுக்கு ஒரு வரி: வேடர்ஸ் என்பது பாதத்திலிருந்து மார்பு வரை வரும், தோளில் பட்டி மாட்டிப் போடுகிற, தண்ணீர் புகாத காற்சட்டை. கோடையில் இது எதற்கு என்று கேட்பார்கள். நான் நிற்பது ஃபெர்கஸ் பக்கம், ஷாண்ட் அணைக்குக் கீழே. 1942இல் கட்டி முடித்த அணை. பெல்வுட் ஏரியின் அடித்தண்ணீரைத் திறந்துவிடுவதால் ஜூலை வெயிலிலும் ஆறு குளிர்ந்தே வரும், அந்தக் குளிரை நம்பித்தான் 1989இலிருந்து அங்கே பிரவுண் ட்ரவுட் குஞ்சுகளை விடுகிறார்கள். மீனுக்கு அது சுகம். அரைக் காற்சட்டையோடு இறங்கினால் அரை மணித்தியாலத்தில் நமக்கு முழங்காலுக்குக் கீழே விறைத்துவிடும்.

முதலில் வாங்கியது பிவிசி பூசிய நைலோன், பூட்ஸும் சேர்ந்தே ஒட்டியிருக்கும் வகை, நூறு டொலருக்கும் குறைவு. முதல் நாளே உள்ளே ஈரம். ஓட்டை என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து குளியல் தொட்டிக்குள் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அத்தனையும் என் வியர்வை! வாகனத்திலிருந்து ஆற்றுக்கு நடக்கிற இருபது நிமிடத்தில் உடம்பிலிருந்து போகிற ஆவி வெளியேற வழியில்லாமல் உட்புறத்தில் துளித்துளியாகக் கோத்து, குளிர்ந்த தண்ணீரில் நின்றதும் காலோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரே இடத்தில் நின்று மீன் பிடிப்பவருக்கு அது போதும், கரை நெடுக நடக்கிறவருக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஆவியை வெளியே விடும் சவ்வு வைத்த வகை. பரவாயில்லாத விலை, நல்ல துணி, அளவு மட்டும் சாதாரண மீடியம். நான் 5 அடி 6 அங்குலம், இடுப்பு 34, உள்கால் நீளம் (கவட்டிலிருந்து கீழே) 28 அங்குலம்தான். இங்கே கடையில் தொங்கும் மீடியம் என்னைவிட நெட்டையானவர்களுக்கு வெட்டியது. இடுப்பும் மார்பும் பொருந்தின, கண்ணாடியில் வடிவாகவும் இருந்தது. ஆனால் முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய துணி மடிப்பு மடிப்பாகக் கணுக்காலில் குவிந்தது. நடக்கும்போது இரண்டு தொடையும் உட்புறம் உரசிக்கொண்டே இருந்தன. இரண்டாவது சீசன் முடிவதற்குள் தொடை உட்புறத்தில் மூன்று, கணுக்கால் மடிப்பில் இரண்டு ஊசித்துளைகள். ஒரு முள்ளும் கீறவில்லை, கம்பி வேலியும் தாண்டவில்லை, மடிந்து மடிந்து உரசியே துளை விழுந்திருக்கிறது. குற்றம் துணியில் இல்லை, அளவில்.

ஆகவே நம்மில் கால் குட்டையானவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஷோர்ட் அளவு இருக்கிறதா" என்பதுதான். உள்கால் நீளத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள், ஜீன்ஸ் லேபிளில் இருப்பதை நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் உள்ளே போடப்போகிற தடித்த ஃப்ளீஸ் காற்சட்டையைப் போட்டுக்கொண்டே அணிந்து பாருங்கள். ஒரு காலைத் தூக்கிக் கதிரையில் வையுங்கள், பிறகு குந்துங்கள், பிறகு முழந்தாளிடுங்கள். குந்தும்போது தோள்பட்டி கீழே இழுத்தாலோ கவட்டுத் தையல் விறைத்தாலோ அது கட்டை, ஆற்றங்கரை ஏறும்போது அந்தத் தையல்தான் முதலில் விடும். நேராக நிற்கும்போது கணுக்காலில் ஒரு கைப்பிடி துணி சேர்ந்தால் அது நீளம். கடைக்காரர் முன்னால் குந்தக் கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு இது பழகின காட்சி.

ஃப்ரீஸ்டோனுக்கு வருகிறேன். துணி டோரே நிறுவனத்தின் நான்கு அடுக்கு, இதுவும் ஆவியை வெளியே விடும். இதே சிம்ஸில் கோர்-டெக்ஸ் துணியில் ஜி3 என்று ஒன்று இருக்கிறது, விலை நன்றாக ஏறும். வாரத்தில் நான்கைந்து நாள் ஆற்றில் நிற்கும் வழிகாட்டிகளுக்கு அது சரி. வருடத்துக்கு இருபத்தைந்து நாள் போகிற எனக்கு இது தாராளம், வரியோடு 500 டொலரைத் தாண்டியது, அந்தக் காசுக்கு மனக்குறை இல்லை. கோடையில் மேல்பாதியை மடித்து இடுப்பளவாக மாற்றிக்கொள்ளலாம். கை சூடாக்கும் பை ஒன்று நெஞ்சில் இருக்கிறது, ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை சீசன் திறக்கும் காலையில் அதன் அருமை தெரியும். கீழே கல் மண் பூட்ஸுக்குள் போகாமல் மூடும் துணி மடலும் சேர்ந்தே வருகிறது. ஒரு குறை, ஆவி விடும் இந்த வகைத் துணி எதற்கும் தன்பாட்டில் சூடு கிடையாது. நவம்பரில் ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க இதே கிராண்டின் கீழாற்றில் பாரிஸ் என்ற ஊர்ப் பக்கம் போனால் நான் அத்தானின் 5 மில்லிமீற்றர் நியோப்ரீன் (நுரை றப்பர்) வேடர்ஸைத்தான் கேட்டு வாங்கிப் போடுவேன். நடை குறைவு, நிற்பது அதிகம், அங்கே அதுதான் சரி.

ஸ்டொக்கிங்ஃபுட் என்றால் முடிவில் நியோப்ரீன் காலுறை மட்டும்தான், பூட்ஸ் தனியாக வாங்க வேண்டும். வழக்கமான சப்பாத்தைவிட ஓர் அளவு பெரிதாக எடுங்கள். இறுக்கமான பூட்ஸ் நியோப்ரீனை நசுக்கிவிடும், இரத்த ஓட்டத்தையும் தடுக்கும், எவ்வளவு கம்பளிக் காலுறை போட்டாலும் விரல் விறைக்கும். பூட்ஸின் அடிப்பகுதி ஃபெல்ற்றா (அமுக்கிய கம்பளம் போன்ற தடித்த துணி) றப்பரா என்றால், பாசி பிடித்த கல்லில் ஃபெல்ற் நன்றாகப் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஈரம் காயாது, அந்த ஈரத்தில் ஓர் ஆற்றின் பாசி இன்னோர் ஆற்றுக்குப் போய்ச் சேரும். டிடிமோ என்ற பாசி பரவியதால் 2008இல் நியூசிலாந்து ஃபெல்ற்றையே தடை செய்தது. பனியில் நடந்தால் கட்டி கட்டியாக ஒட்டவும் செய்யும். நான் றப்பர் அடியில் கார்பைட் ஆணி முடுக்கியிருக்கிறேன். ஃபெர்கஸில் சுண்ணாம்புக்கல் தட்டுத்தட்டாகக் கிடக்கும், பாசி படிந்த அந்தத் தட்டில் வெறும் றப்பர் நிற்காது.

இடுப்புப் பெல்ற்றை எவரும் விலை பார்த்து வாங்குவதில்லை, வேடர்ஸோடு வருகிற நாடா அது. இருந்தும் அதைக் கட்டாமல் ஒருநாளும் இறங்கக் கூடாது. வேடர்ஸுக்குள் தண்ணீர் நிரம்பினால் ஆளை அடியில் இழுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள், அமெரிக்க மீன்பிடிகாரர் லீ வுல்ஃப் வேடர்ஸோடு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து நீந்தி வந்து அது பிழை என்று காட்டினார். தண்ணீருக்குள் தண்ணீருக்குப் பாரம் இல்லை. பாரம் தெரிவது கரையேறும்போது, அப்போது இரண்டு காலும் நிரம்பிய வாளிகள். பெல்ற் இறுக்கமாக இருந்தால் அந்தளவு தண்ணீர் உள்ளே இறங்காது.

துளை கண்டுபிடிக்க இப்போது தொட்டியில் அமுக்குவதில்லை. உட்புறத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் விற்கும் ரப்பிங் அல்கஹோலை விசிறுவேன். துளை உள்ள இடத்தில் மட்டும் அது ஊறி, மிளகளவில் ஒரு கரும்புள்ளி எழும்பும். பேனையால் வட்டம் போட்டு, காய்ந்த பிறகு அக்வாசீல் என்ற பசை ஒரு துளி. பழைய மீடியத்தின் ஐந்து துளைகளையும் அப்படித்தான் அடைத்தேன், நெட்டையான ஒரு நண்பன் இப்போது அதைப் போடுகிறான், அவனுக்கு அளவு கச்சிதம். என்னுடையதில் போன மாதம் விசிறிப் பார்த்தேன், ஒரு புள்ளியும் வரவில்லை.