சின்ன மென்பொருள் குழுவுக்கு பக்ஸில்லா போதுமா?

தாராளமாகப் போதும். மென்பொருளில் வரும் வழுக்களை, அதாவது பிழைகளை, பதிந்து தீரும்வரை பின்தொடர உதவும் மென்பொருள்தான் பக்ஸில்லா. உவர்மலையில் எங்கள் சிறிய அலுவலகத்தில் மீன் மொத்த வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் செய்கிறோம், முன்பு வழுக்கள் எல்லாம் வாட்ஸ்அப்பிலும் போனிலும் வந்து, யார் திருத்துகிறார் என்றே தெரியாமல் தொலைந்துபோகும். பக்ஸில்லாவில் ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் கிடைக்கிறது, அப்புறம் அது உறுதியானதா, யார் கையில் இருக்கிறது, தீர்ந்ததா, சோதிப்பவர் சரிபார்த்தாரா என்று ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, முடிக்கும்போது காரணம் கேட்பதுதான்: திருத்தியாயிற்றா, ஏற்கனவே பதிந்ததா, திருத்தப்போவதில்லையா, இல்லை எங்கள் பக்கம் அந்தப் பிழை வரவே இல்லையா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். எதைத் திருத்தாமல் எது நகராது என்றும் இணைத்து வைக்கலாம்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொஸில்லா திட்டத்தோடு 1998இல் வெளிவந்தது, தோற்றம் பழசுதான். நிறுவும்போது பேர்ள் என்ற நிரல்மொழியின் தொகுதிகள் பலவற்றைச் சேர்க்க வேண்டும், அது தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் கஷ்டம். ஆனால் இலவசம், அலுவலகக் கணினியிலேயே ஓடும், இணையம் அறுந்தாலும் உள்ளுக்குள் வேலை நிற்காது. வாடிக்கையாளரை நேரே பதியச் சொல்லாதீர்கள், படிவம் நீளம். போன் எடுக்கும் பிள்ளையே பதியட்டும்.