கூகுள் ஃபைல்ஸ்: பட்டா, பத்திரம், மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ஆப் போதுமா?

பிடிஎஃப் திறக்கவில்லை என்றதும் பிளே ஸ்டோரில் 'ஆல் டாக்குமென்ட் ரீடர்' என்று தேடி, முதலில் கண்ணில் படுவதை இறக்கிவிடுகிறோம். அது பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் காட்டும், போனில் உள்ள எல்லா ஃபைல்களையும் பார்க்க அனுமதி கேட்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு ரசீதைத் திறந்து காட்ட அந்த அனுமதி தேவையே இல்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் அக்சஸ், ஆல் ஃபைல்ஸ் அக்சஸ் என்று போய் அணைத்துவிடுங்கள். அதன்பிறகும் ரசீது திறக்கும்.

இந்த வேலைக்குக் கூகுளின் ஃபைல்ஸ் ஆப் போதும் என்பதே எங்கள் முடிவு. ஆனால் இரண்டு இடத்தில் அது கைவிடும்: பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைல், பிடிஎஃப்பின் கேபியைக் குறைப்பது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம்.

2017 டிசம்பரில் 'ஃபைல்ஸ் கோ' என்ற பெயரில் வந்தபோது, இடம் குறைவான போன்களில் குப்பையைக் கூட்டுவதுதான் இதன் முதல் வேலை. 2018இல் இப்போதுள்ள பெயருக்கு மாறியது. ஆவணங்களுக்கான வசதிகள் பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்தவை. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை. 'இதை நீக்கலாமே, அதை நீக்கலாமே' என்று ஆலோசனை சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரே மாதிரி இருக்கும் ஃபைல்களை நீக்கச் சொன்னால் உடனே சரி என்று தட்ட வேண்டாம். எது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். தவறி நீக்கினாலும் ட்ராஷில் 30 நாள் இருக்கும், மீட்டுவிடலாம்.

பழைய போனில் இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரோ கேம்ஸ்கேனரோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் இரண்டும் உண்டு.

மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஓயாமல் கேட்கிற வாக்கியம், "அண்ணே, போன்லதான் இருந்துச்சு, இப்பக் காணோம்." ஃபைல் எங்கேயும் போயிருக்காது, பெயர்தான் மாறியிருக்கும். வாட்ஸ்அப் வழியாக வரும் ஆவணம் பல நேரம் 'டாக்', தேதி, 'டபிள்யூஏ', ஒரு எண் என்ற பெயரோடு உட்கார்ந்துகொள்ளும். அப்பாவின் பட்டாவும் கேஸ் ரசீதும் ஒரே ஜாடையில் இருந்தால் எதை எடுப்பது? ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு இடமும் மாறிவிட்டது. ஃபைல்ஸில் இன்டர்னல் ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு, மீடியா, 'காம்.வாட்ஸ்அப்' என்ற ஃபோல்டர், அதற்குள் வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் என்று இறங்க வேண்டும். நாம் அனுப்பியவை அதற்குள்ளேயே 'சென்ட்' என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். இவ்வளவு தூரம் நடக்க மனமில்லை என்றால் டாக்குமென்ட்ஸ் பகுதியைத் திறந்து, புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தினால் போதும்.

கிடைத்ததும் அதை அங்கேயே விட்டுவைக்கக் கூடாது. இன்டர்னல் ஸ்டோரேஜில் 'வீட்டு ஆவணம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, 'காப்பி டு' கொடுங்கள். 'மூவ் டு' கொடுத்தால் வாட்ஸ்அப் தன் இடத்தில் தேடிப் பார்த்து ஃபைல் இல்லை என்று சொல்லும், அந்த உரையாடலிலிருந்து மறுபடி அனுப்ப முடியாது. காப்பி எடுக்காமல் விட்டால் வேறு சிக்கல்: என்றாவது அந்த உரையாடலை மீடியாவோடு சேர்த்து அழிக்கும்போது பட்டாவும் போய்விடும்.

பெயர் வைப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். ஆண்டு, ஊர், ஆவணம், எண் என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது: '2024 மேலூர் பட்டா 112-3பி', '2019 திருமங்கலம் வில்லங்கம்'. சர்வே எண்ணில் வழக்கமாகப் போடும் சாய்கோட்டைப் பெயரில் ஏற்காது, சிறு கோடுதான் போட வேண்டும். தமிழிலேயே பெயர் வைக்கலாம், தேடலிலும் வரும். பெயரை மாற்றும்போது கடைசியில் உள்ள புள்ளியையும் அதன்பின் வரும் எழுத்துகளையும் மட்டும் தொட வேண்டாம். அது போனால் எந்த ஆப்பில் திறப்பது என்று போனுக்குத் தெரியாது.

அந்தக் கடைசி எழுத்துகளை வேறொரு காரணத்துக்காகவும் பார்க்கப் பழகுங்கள். காதணி விழா, கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஃபைல் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, போனில் ஏறி உட்காரப் பார்க்கும் ஆப். திறக்காமல் நீக்கவும்.

ஸ்கேன் செய்யும் வசதி நன்றாகவே இருக்கிறது. காகிதத்தின் விளிம்பைத் தானே கண்டுபிடித்து, கோணலை நிமிர்த்தி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாகக் கட்டித் தருகிறது. வெள்ளை மேசையில் வெள்ளைக் காகிதத்தை வைத்தால் விளிம்பு பிடிபடாது. அடர்நிறப் போர்வையோ பாயோ விரித்து அதன்மேல் வைத்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றால் நம் கை நிழல் பத்திரத்தின் நடுவே விழும், ஜன்னல் பக்கம் வாருங்கள். லேமினேட் செய்த சான்றிதழில் வெளிச்சம் பளபளத்து எண்ணை மறைக்கும். ஃப்ளாஷை அணைத்து, காகிதத்தைச் சற்றே திருப்பி வைத்தால் சரியாகும். பழைய மூலப்பத்திரத்தில் கறை நீக்கும் வசதியைப் பயன்படுத்தவே கூடாது. மங்கிய முத்திரையையும் பென்சில் குறிப்பையும் அது கறை என்று நினைத்துத் துடைத்துவிடும். முத்திரைத்தாள் ஏ4ஐ விட நீளமாக இருக்கலாம். அச்சிடும்போது லீகல் அளவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்து சுருங்கும், இல்லையென்றால் கீழ்வரி வெட்டுப்படும்.

இனி கேபி பிரச்சினை. விண்ணப்பத் தளங்கள் ஒரு சான்றுக்கு இத்தனை கேபிதான் என்று கறாராக நிற்கும். 200 கேபி பல இடங்களில் பார்க்கிற அளவு. டிஎன்பிஎஸ்சிக்குப் படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. போன் கேமராவில் எடுத்த படமோ 4000க்கு 3000 பிக்சல், மூன்று நான்கு எம்பி. ஃபைல்ஸ் ஆப்பில் சுருக்கும் வசதி கிடையாது. இணையத்தில் கிடைக்கும் சுருக்கும் தளங்களில் ஆதாரையும் சாதிச் சான்றையும் ஏற்றுவது அவரவர் துணிச்சல். நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். ஸ்கேன் எடுக்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். முதலில் சுற்றியுள்ள வெற்றிடத்தை நறுக்குங்கள், அடுத்து கறுப்பு வெள்ளை ஃபில்டர் போடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் பிக்சலைக் குறையுங்கள். ஒரு ஏ4 பக்கத்துக்கு 1240க்கு 1754 பிக்சல், அதாவது 150 டிபிஐ (அங்குலத்துக்கு 150 புள்ளி) இருந்தால் அச்செழுத்து தெளிவாகப் படிக்க முடியும். இதற்குக் கீழே போனால் வட்ட முத்திரைக்குள் இருக்கும் எழுத்து கலங்கும். சுருக்கியதையே மறுபடி சுருக்குவதுதான் விண்ணப்பம் திரும்பிவர நேர் வழி. ஒவ்வொரு முறையும் மூல ஸ்கேனிலிருந்து தொடங்குங்கள்.

முப்பது பக்கப் பத்திரத்தில் முதல் இரண்டு பக்கம் மட்டும் வேண்டுமா? அதற்கும் தனி ஆப் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து பிரின்ட் கொடுங்கள். பிரின்டர் இருக்கும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து, பக்க எண்ணை 1-2 என்று போட்டால் அந்த இரண்டு பக்கம் தனி ஃபைலாக வந்துவிடும். ஆண்ட்ராய்டிலேயே உள்ள இந்த வசதியை ஏனோ யாரும் தொடுவதில்லை. டிஜிட்டல் கையொப்பம் உள்ள சான்றை மட்டும் இப்படிப் பிரிக்கக் கூடாது, கையொப்பத்தின் மதிப்பு போய்விடும். அக்ரோபேட் ரீடரில் படிப்பது, குறிப்பு எழுதுவது, படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போடுவது எல்லாம் இலவசம். பல பிடிஎஃப்களை இணைப்பது, சுருக்குவது, திருத்துவது காசுக்கு. படிவம் நிரப்புகிற வேலை அடிக்கடி இருந்தால் அதை ஃபைல்ஸுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வேர்டு ஃபைல்களிடம்தான் ஃபைல்ஸ் தோற்கிறது. குற்றம் முழுக்க அதனுடையது இல்லை. வேர்டு ஃபைலை அது தானே திறக்காது, கூகுள் டாக்ஸிடம் தள்ளிவிடும். டிடிபி சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த விண்ணப்பம் அங்கே திறக்கும்போது முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். 'தமிழ்' என்று பாமினியில் அடித்த சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்துருக்களில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத போனில் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்து மேலே வருகிறது. 'தமிழ் ஃபான்ட்' ஆப் எதையாவது ஏற்றினால் சரியாகும் என்று நம்பி இறக்காதீர்கள், டாக்ஸ் அதைச் சீண்டாது. எந்தப் போனிலும் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் டிடிபி மேசைகளில் பாமினி இன்னும் ஆட்சி செய்கிறது.

வழி இரண்டு. அடித்துக் கொடுத்தவரிடமே, "அண்ணே, வேர்டு வேண்டாம், பிடிஎஃப்பா குடுங்க" என்று கேட்டு வாங்குவது முதல் வழி. பிடிஎஃப்புக்குள் எழுத்துரு சேர்ந்தே வருவதால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். திருத்த வேண்டியது இருந்தால் இரண்டாம் வழி: கணினியில் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றி வாங்குங்கள். மாற்றிய பிறகு பெயர்களையும் எண்களையும் ஒரு முறை வரிவரியாகப் படித்துவிடுங்கள். நடுவில் ஆங்கிலத்தில் அடித்திருந்த சர்வே உட்பிரிவு எழுத்தையும் கன்வர்ட்டர் தமிழாக்கிவிடும். யூனிகோடு ஃபைலிலும் போன் தன் சொந்தத் தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்வதால் வரி நீளம் மாறும், இரண்டு பக்கம் மூன்றாகும், அட்டவணை பிதுங்கும். ஆகவே போனில் பார்த்த பக்க எண்ணை நம்பி ஜெராக்ஸ் கணக்குப் போட வேண்டாம்.

பிடிஎஃப்புக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடுவதும் இதே கதைதான். பாமினி ஃபைலில் 'கிரயம்' என்று தேடினால் ஒன்றும் வராது. யூனிகோடு பிடிஎஃப்பிலும் எ, ஏ, ஐ, ஒ, ஓ ஒலி சேர்ந்த எழுத்துகள் தடுக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் சில பிடிஎஃப்களில் அது தனியே பிரிந்து பதிவாகியிருக்கும், 'செட்டில்மென்ட்' என்று தேடினால் அகப்படாது. கொம்பே வராத சொல்லாகத் தேடுங்கள். 'கிரயம்', 'பாகம்', 'பட்டா' போன்றவை அகப்பட வாய்ப்பு அதிகம்.

சேஃப் ஃபோல்டர் நல்ல ஏற்பாடு. பின் அல்லது பேட்டர்ன் போட்டு ஆவணங்களைப் பூட்டலாம். போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் அவை கேலரியில் வராது. ஆனால் பின் மறந்தால் கூகுளும் திறந்து தராது. ஒரே பிரதியை அதற்குள் வைத்துப் பூட்டுவது ஆபத்து. போன் மாற்றும்போதும் அதில் உள்ளவை புதிய போனுக்குத் தானாக வராது. ஆப்பை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். இன்னொரு பிரதி கூகுள் டிரைவில் இருக்கட்டும். 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோஸும் அதே கணக்கில்தான் தின்னும்.

ஸ்கேன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நகல்தான். மார்க் ஷீட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை மத்திய அரசின் ஆவணப் பெட்டக ஆப்பான டிஜிலாக்கரில் 'இஷ்யூட்' பகுதியில் எடுத்தால் அது மூலத்துக்குச் சமமாகச் சட்டப்படி ஏற்கப்படும். நாமே அதில் ஏற்றிவைக்கும் ஸ்கேனுக்கு அந்த மதிப்பு இல்லை, ஒரு ஃபைல் 10 எம்பிக்கு மேல் போகவும் கூடாது. இறக்கிய சான்றில் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் போலி என்று பதற வேண்டாம். கையொப்பம் அந்தக் கருவியில் இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். ஃபைல்ஸில் அதைச் சரிபார்க்க முடியாது, கணினியில் அக்ரோபேட் ரீடர் வேண்டும்.

கடையில் பிரின்ட் எடுக்கப் போகும்போது: இ-ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும், இ-பானுக்குப் பிறந்த தேதி எட்டு இலக்கமாக. இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டு 'ஃபைல் ஓப்பன் ஆகல' என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டுபவர்கள் தினமும் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாகப் போனால் எழுத்து மங்கும். முழு எண் தேவையில்லாத இடத்துக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். அச்செடுத்ததும் கடைக் கணினியின் டவுன்லோட்ஸிலிருந்து ஃபைலை நீக்கச் சொல்லி, நீக்கும்வரை நின்று பாருங்கள். அந்த ஃபோல்டரை ஒரு முறை எட்டிப் பார்த்தால் ஏன் என்று புரியும். அவர் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், போனில் லிங்க்டு டிவைசஸ் போய் லாக் அவுட் செய்த பிறகே பில்லுக்குக் காசு கொடுங்கள்.