ஒரு ஹெட்போனை இன்னொன்று போல ஒலிக்க வைக்க எந்த வழி நல்லது?

கையிலிருக்கும் ஹெட்போனுக்கு ஈக்வலைசர் (ஒலியின் வெவ்வேறு அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) போட்டு இன்னொரு மாடலின் ஒலியைக் கொண்டுவர மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுவதில்லை.

முதலாவது, ஆயத்தமாகக் கிடைக்கும் ப்ரீசெட், அதாவது ஒரு மாடலுக்கென்று முன்கூட்டியே செய்துவைத்த ஈக்வலைசர் அமைப்பு. யாக்கோ பசானென் உருவாக்கிய ஆட்டோஈக்யூ இதில் பெயர் பெற்றது; ஆயிரக்கணக்கான மாடல்களுக்கான திருத்தங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் ஏற்றினால் போதும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலிக்குள்ளேயே மாடல் பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். சில நிமிட வேலைதான். ஆனால் இந்த ப்ரீசெட்கள் பெரும்பாலும் ஷான் ஆலிவ் குழு ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் ஆய்வு செய்து வகுத்த இலக்குக் கோட்டை (எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக இருந்தால் பலருக்கும் பிடிக்கும் என்று காட்டும் வரைகோடு) நோக்கியே திருத்துகின்றன. உங்களுக்குப் பிடித்தது சென்ஹைசர் எச்டி 650-இன் ஒலி என்றால் இது உதவாது. இரண்டு ஹெட்போன்களுக்கும் அதனதன் ப்ரீசெட்டைப் போட்டால் இரண்டும் நெருங்கி வரும்தான். ஆனால் நீங்கள் விரும்பிய எச்டி 650 அங்கே இருக்காது.

அதனால் இரண்டாவது வழி எனக்கு உசத்தி: இரு மாடல்களின் அளவீட்டு வரைபடங்களை நேருக்கு நேர் வைத்து, வித்தியாசத்தை மட்டும் திருத்துவது. அளவீட்டு வரைபடங்களைத் தொகுத்துக் காட்டும் ஸ்க்விக்லிங்க் இணையதளத்தில் உங்கள் இயர்போனை ஒரு பக்கமும், வேண்டிய இயர்போனை இலக்காக மறுபக்கமும் வைத்தால் அதுவே ஃபில்டர்களை, அதாவது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற திருத்தங்களை, கணக்கிட்டுத் தரும். ஒரு நிபந்தனை: இரண்டையும் ஒரே ஆள் ஒரே கருவியில் அளந்திருக்க வேண்டும். வெவ்வேறு கருவிகளில் எடுத்த எண்களைக் கழித்தால் வரும் விடைக்கு மதிப்பில்லை.

அப்படிச் செய்தாலும் சுமார் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடத்தை நம்ப முடியாது. இயர்போன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே மிஞ்சும் காற்றுக்குழாய் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. அந்த மேடு எங்கே விழும் என்பது, நீங்கள் எவ்வளவு ஆழம் செருகுகிறீர்கள், உங்கள் காதின் அளவு என்ன என்பவற்றைப் பொறுத்தது. அளவீட்டுக் கருவியின் காது உங்கள் காது இல்லையே.

அங்கேதான் மூன்றாவது வழி தேவைப்படுகிறது: காதால் திருத்துவது. ஒற்றை அதிர்வெண்ணை மட்டும் ஒலிக்கும் டோன் ஜெனரேட்டரில் 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 வரை குறைந்த சத்தத்தில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் ஒலி திடீரென ஊசிபோலக் குத்தும். இயர்போனைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் அந்த இடம் மேலே நகரும். வெளியே இழுத்தால் கீழே இறங்கும். வழக்கமாகச் செருகும் ஆழத்தில் அது எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு குறுகலான ஃபில்டர் போட்டு, பக்கத்து ஒலிகளோடு சமமாகும்வரை குறையுங்கள். பாட்டில் வரும் ‘ஸ்’, ‘ஷ்’ உறுத்தாமல் போவதைக் கேட்டால் வேலை பிடித்துவிட்டது என்று தெரியும். முழு அலைவரிசையையும் காதாலேயே பொருத்த முயல்வது மட்டும் வேண்டாம். காது சீக்கிரம் பழகிவிடும். தவறான ஒலியும் சிறிது நேரத்தில் சரியாகவே படும்.

ஆகவே நான் சொல்வது: சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரை வரைபட வித்தியாசம், அதற்கு மேல் காது. ப்ரீசெட்டை, குறிப்பிட்ட மாடல் எதுவும் மனத்தில் இல்லாமல் பொதுவாக நல்ல ஒலி வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எந்த வழியானாலும் ப்ரீஆம்பை (ஈக்வலைசரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் அளவு), ஃபில்டர்கள் சேர்ந்து ஏற்றும் உச்ச அளவுக்குக் குறைத்து வையுங்கள். இல்லையென்றால் ஒலி கிழியும். அப்புறம், ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் தரமானது என்று தோன்றிவிடும்.

தலையில் மாட்டும் ஹெட்போன்களில் இன்னொரு சிக்கல்: மூடிய வகையில் கண்ணாடிக் கம்பி குஷனைத் தூக்கினால் பேஸ் கசிந்துவிடும், அதை எந்த ப்ரீசெட்டும் அறியாது. திறந்த வகையான எச்டி 600-இல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறைய ஏற்றினால் சிதைவும் கூடவே ஏறும். அடி பேஸ்தான் முக்கியம் என்றால் அதைத் தாங்கும் பிளானர் மாக்னெடிக் ஹெட்போனை (தட்டையான மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி தரும் வகை) வாங்கி, அதைத் திருத்துவதே நல்லது.