ஒரே மரம், இரண்டு வரிக்கழிவு: ஆஸ்திரேலியப் பண்ணைக்கு எது நல்லது?

ஆஸ்திரேலியாவில் கோதுமை வயலின் ஓரம் நடப்படும் மரக்கன்றுக்கான செலவை, 1997ஆம் ஆண்டின் வருமான வரி மதிப்பீட்டுச் சட்டப்படி, வரிக்குரிய வருமானத்திலிருந்து இரண்டு வழிகளில் கழித்துக்கொள்ளலாம். மண் உவர்ப்பாவதையும் காற்றில் அரிபடுவதையும் தடுக்க நட்டால், அது 40-ஜி என்ற நிலப் பராமரிப்புப் பிரிவில் சேரும். கரியமில வாயுவை ஈர்த்து வைப்பதே முதன்மை நோக்கமானால், 2008இல் சேர்க்கப்பட்ட 40-ஜே பிரிவு பொருந்தும். கரிம ஈர்ப்புக் காடுகளுக்கான சலுகை அதுதான்.

40-ஜேயின் நிபந்தனைகள் காட்டை அளந்து பார்க்கின்றன. மரங்கள் தொடர்ச்சியாகக் குறைந்தது 0.2 ஹெக்டேரில் நிற்க வேண்டும். அவை 2 மீட்டர் உயரத்தையும் நிலத்தில் 20 விழுக்காட்டை மறைக்கும் கிளைவிரிப்பையும் எட்டும் வாய்ப்பு இருக்க வேண்டும். 1990 ஜனவரி 1 அன்று அந்த இடத்தில் அத்தகைய மரங்கள் இருந்திருக்கக் கூடாது. வெட்டி விற்பதற்காக நடவும் கூடாது. 2009இல் டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் நிறுவனங்களுடன் சரிந்த, பலரிடம் பணம் திரட்டி நடத்திய தோப்பு முதலீட்டுத் திட்டங்களைப் போன்றவற்றுக்கும் இதில் இடமில்லை. நிலம் வாங்கிய பணத்தைக் கழிக்க முடியாது. கன்று, நிலத்தைப் பண்படுத்துதல், களையெடுப்பு போன்ற நடவுச் செலவுகளுக்கு மட்டுமே கழிவு உண்டு.

தொகையைப் பார்ப்போம். 30 விழுக்காடு வரி கட்டும் ஒரு நிறுவனம் நடவுக்கு 1,00,000 டாலர் செலவிட்டதாக வைத்துக்கொள்வோம். 40-ஜேயில் 2007-08 முதல் 2011-12 வரை முழுச் செலவையும் அந்த ஆண்டிலேயே கழித்து 30,000 டாலர் வரியை மிச்சப்படுத்த முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கு 7 விழுக்காடு வீதம் 14 ஆண்டு 105 நாட்களுக்குப் பரவுவதால், ஓர் ஆண்டின் மிச்சம் 2,100 டாலர்தான். 40-ஜியிலோ முழுச் செலவையும் அதே ஆண்டில் கழிக்க இன்றும் இடமுண்டு. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் நிலப் பராமரிப்பே முந்துகிறது.

ஆனால் எந்தக் கழிவும் வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவருக்கே உடனே கைகொடுக்கும். வறட்சியில் கடன் வாங்கி ஆடுகளுக்குத் தீவனம் போடும் விவசாயிக்கு 40-ஜி அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் நட்டக் கணக்காகவே நிற்கும். 40-ஜே விவசாயிகளுக்கென்று ஒதுக்கப்பட்டதும் அல்ல. நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ள, தொழில் நடத்தும் எவரும் அதைக் கேட்கலாம். தொழிற்சாலையின் புகையை ஈடுகட்ட மரம் தேடும் பெருநிறுவனத்துக்கு லாபமும் இருக்கிறது, வரியும் இருக்கிறது. 2008இல் கிராமப்புறக் கட்சியான நேஷனல்ஸ் கட்சியினரும் பசுமைக் கட்சியினரும் மேலவையில் ஒரே பக்கம் நின்று இதை எதிர்த்ததற்கு, அத்தகைய நிறுவனங்கள் விளைநிலத்தைக் காடாக்கிவிடும் என்ற அச்சம் முக்கியக் காரணம். அது நியாயமான அச்சம் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு பண்ணை முழுவதும் காடாகும்போது இழப்பது விளைச்சலை மட்டுமல்ல. ஆண்டுதோறும் வந்து கம்பளி கத்தரிக்கும் தொழிலாளர்களுக்கு அங்கே வேலை இருக்காது. காட்டுத்தீ வந்தால் தண்ணீர் வண்டியுடன் ஓடிவரும் தன்னார்வலர்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்களே. குடும்பங்கள் போய்விட்டால் அந்த வண்டியை ஓட்டுவது யார்?

40-ஜியின் மரங்கள் வேறு விதமாக நிற்கின்றன. மண் பறப்பதைத் தடுக்க வேலியோரம் நட்ட நாலைந்து வரிசை மரங்கள் வளர்ந்தபின், குளிர்கால மழைக்காற்றில் பிறந்த ஈரம் காயாத ஆட்டுக்குட்டிக்கும் ஒதுங்க இடம் தருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில், பழைய காட்டை அழித்ததால் நிலத்தடி நீர் ஏறி, உப்பு மேலே வந்து, வயல்கள் வெளுத்துக் கிடக்கின்றன. அங்கே நடும் உவர்ப்புதர் மண்ணைப் பிடித்துக்கொண்டு ஆடுகளுக்கும் தீனியாகிறது. ஆடு கடித்துக் குட்டையாகவே நிற்கும் அந்தப் புதரை 40-ஜேயின் 2 மீட்டர் கணக்கு காடாக ஏற்காது.

இதனால் 40-ஜே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பயிருக்கு ஆகாத மேட்டையும் ஓடைக்கரையையும் விவசாயியே காடாக்க அது உதவும். பத்து மீட்டர் அகலமும் இருநூறு மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பட்டை நிலமே 0.2 ஹெக்டேர் ஆகிவிடும் என்பதால், சிறு பண்ணைக்கும் அது எட்டாததல்ல. குறை, பரப்புக்கு மேல்வரம்பு இல்லாததுதான். 2022இல், ஈர்த்த கரியமில வாயுவுக்கு விற்கத்தக்க சான்றுகள் தரும் கார்பன் கிரெடிட் திட்டத்தில் ஒரு தடை வந்தது: இயற்கைக் காட்டை மீட்கும் புதிய பணி 15 ஹெக்டேரையும் பண்ணையின் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டினால், விவசாயத்துக்கு அது கேடு என்று கண்டு வேளாண் அமைச்சர் நிறுத்தலாம். அந்த மூன்றில் ஒரு பங்கு என்ற அளவையே 40-ஜேயிலும் எழுதியிருக்க வேண்டும்.