கட்டிலுக்கே வரும் நூலகம்: ஒரு முதியோர் இல்லத்திலிருந்து

தென் சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். வயது எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த நாட்களில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு ஷிப்ட் முடிந்து நேரே போய்விடுவேன். இப்போது தெருமுனைக் கிளை நூலகத்துக்குப் போய்வருவதே பெரும்பாடு. அதனால் 2023-லிருந்து புத்தகங்கள்தான் என் அறைக்கு வந்துகொண்டிருக்கின்றன. பெற்றோருக்கோ தெரிந்த இல்லத்துக்கோ இப்படி ஓர் ஏற்பாடு செய்ய நினைப்பவர்கள் இருப்பீர்கள். எது நன்றாக நடக்கிறது, எது படுத்துகிறது என்று உங்களுக்காக எழுதுகிறேன்.

ஏற்பாடு இதுதான். பொது நூலகத் துறை 2022-ல் 'நூலக நண்பர்கள்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள் போன்றவர்களுக்குத் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே எடுத்துப்போய்க் கொடுப்பார்கள். படித்ததும் அவர்களே திரும்ப வாங்கிப்போவார்கள். எங்களுக்கு வருவது இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பையன். என்னைப் 'பாட்டி' என்பான். பக்கத்து அறையில் என்னைவிட இரண்டு வயது குறைந்தவரை 'ஆன்ட்டி' என்பான். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, ஆனாலும் பையன் தங்கம்.

இந்தத் திட்டம் வருவதற்கு முன்பும் எங்கள் இல்லத்தில் புத்தகங்கள் இருந்தன. வரவேற்பறையில் ஒரு கண்ணாடி பீரோ நிறைய இருந்தன. பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு போட வருகிறவர்கள் ஒரு பை புத்தகமும் கொண்டுவந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். பைக்குள் என்ன இருக்கும்? பத்தாம் வகுப்பு கைடு, காலாவதியான கம்ப்யூட்டர் புத்தகம், பாதி எழுதிய டைரி, இளமையிலேயே கோடீஸ்வரர் ஆவதற்கு வழி சொல்லும் புத்தகங்கள். இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மிச்சமெல்லாம் பக்திப் புத்தகம். வயதானால் சுலோகம் மட்டும்தான் படிப்பார்கள் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். கிழிந்த சட்டையைக் கொடுக்க மனம் கூசுகிறவர்கள்கூட அட்டை போன புத்தகத்தைக் கொடுக்கத் தயங்குவதில்லை.

பையன் முதன்முறை வந்தபோது கையில் புத்தகம் எதுவும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும் வைத்திருந்தான். ஒவ்வொரு கட்டிலாக வந்து உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன படிக்கப் பிடிக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டான். அனுப்பிய நூலகர் சொல்லிக்கொடுத்த வேலை அது என்று பிறகு தெரிந்தது. இந்த இல்லத்தில் எங்களை இதற்கு முன் அப்படி யாரும் கேட்டதில்லை. சாப்பாடு, மாத்திரை, படுக்கும் நேரம் எல்லாமே இங்கே வேறு யாரோ தீர்மானிப்பவைதான். மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற சிறை வார்டர் சார் அரசியல் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு கேட்டார். என் பக்கத்து அறைக்காரருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது. அவர் கேட்டது இனிப்பு பலகாரச் சமையல் புத்தகம். பாதுஷா பக்கத்தை எங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார், நர்ஸ் வந்து முறைத்துவிட்டுப் போனார். நான் கேட்டது பழைய வார இதழ்த் தொடர்கதைகள், அந்தக் காலத்தில் வீட்டில் பிரித்துச் சேர்த்துத் தைத்து வைப்போமே, அந்த மாதிரி. அது நூலகத்தில் இல்லை. ஆனால் அதே ஆசிரியர்களின் நாவல்கள் வந்தன. இல்லை என்று சொன்னதும்கூட எனக்குப் பிடித்திருந்தது. தேடிப்பார்த்துவிட்டுத்தானே சொல்கிறார்கள்.

இரண்டாவது சங்கதி, கையும் கண்ணும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தோன்றாது. பெரும்பாலான தமிழ்ப் புத்தகங்களில் எழுத்து 10, 11 புள்ளி அளவில் இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட கண்ணுக்கு 16 புள்ளிக்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் பதிப்பு என்று தனியாகவே போடுகிறார்கள். தமிழில் தேடினால் அகப்படுவது குழந்தைப் புத்தகம்தான். அதையும் வாங்கிப் படித்தோம், நன்றாகத்தான் இருந்தது. அடுத்தது கனம். ஐந்து பாகச் சரித்திர நாவலை ஒரே அட்டைக்குள் அடைத்த பதிப்பு ஒன்று வந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் பிடிப்பது உடற்பயிற்சி. மூட்டுவாதக் கைக்கு அதைப் பிரித்து வைத்திருக்கவே முடியாது, விரலை எடுத்தால் படக்கென்று மூடிக்கொள்ளும். இப்போது பையனின் நோட்டில் என் பெயருக்கு நேரே 'ஒல்லிப் புத்தகம், பெரிய எழுத்து, தனித்தனி பாகம்' என்று எழுதியிருக்கிறது. இல்லம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிய பீரோ வாங்குகிற காசில் நாலு மேசை விளக்கு வாங்கிப் போடுங்கள். எங்கள் அறையில் டியூப்லைட் கட்டிலின் கால்மாட்டில் இருக்கிறது, புத்தகத்தைத் தூக்கினால் நிழல் பக்கத்தின் மேலேயே விழுகிறது.

"டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் படியேன்" என்று என் மகள் வாங்கிக் கொடுத்தாள். பாதி உபயோகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, காசும் கிடையாது. ஆனால் அவை பக்கத்தைப் படம்பிடித்துப் போட்டவை. பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிக் கழுத்து வலிதான் மிச்சம். மதுரைத் திட்டம் என்கிற இணைய நூல் தொகுப்பில் 1998-லிருந்து தட்டச்சு செய்து போட்டுவருகிற நூல்களில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானே மடிந்துகொள்ளும், போனைப் படிக்கச் சொன்னால் படிக்கவும் செய்யும். குரல்தான் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. சிலப்பதிகாரத்தை அந்தக் குரலில் கேட்டபோது கண்ணகி மூன்றாவது நடைமேடைக்கு வருவாளோ என்று இருந்தது.

அதைவிட மனிதக் குரல் மேல். எங்களோடு ஒரு பூக்காரம்மா இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது. ஆரம்பத்தில் அவரைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, படிக்கத் தெரியாதவருக்குப் புத்தகம் எதற்கு என்று. பையனோடு கூட வந்த ஒரு பெண் சிறுகதை ஒன்றை வாய்விட்டுப் படித்தாள். பூக்காரம்மா தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம், கண் மூடியிருந்தது. கதை முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "அந்தப் பொண்ணு அப்புறம் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாளா இல்லையா?" என்றார். கதை அதைச் சொல்லாமல் முடிந்திருந்தது. அவ்வளவுதான், அன்று சாப்பாட்டு மணி அடிக்கும்வரை போவாள், போகமாட்டாள் என்று ஒரே சண்டை. இப்போது வாசிப்பு நேரத்துக்கு முதலில் நாற்காலி போட்டு உட்காருவது அவர்தான். வெறும் விநியோகத்தோடு நிற்காமல் வாய்விட்டு வாசிக்க ஓர் ஆளையும் அனுப்புங்கள். இங்கே பாதிப் பேருக்குப் பார்வை மங்கிவிட்டது, சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு வரி பிடிபடுவதில்லை.

குறைக்கு வருகிறேன். முதல் குறை, செமஸ்டர். பையனுக்குப் பரீட்சை வந்தால் எங்களுக்குப் புத்தகம் நின்றுவிடும். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சம்பளமில்லாத பிள்ளைகளை நம்பி நடக்கிற காரியம் என்றால் இப்படித்தான் இருக்கும். படித்து முடித்து அவன் வேலைக்குப் போய்விட்டால் நோட்டு யார் கைக்கு மாறும் என்று கேட்டேன், நூலகத்தில் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, தொலைந்த புத்தகம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த நூலகப் புத்தகங்கள் ஊறிப்போயின. விலையைக் கட்டச் சொன்னது பையனிடம்! புத்தகம் அவன் பொறுப்பில் எடுத்ததாம். நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினோம். வெள்ளமாவது வெளியே தெரிகிற காரணம். மறதி நோய் வந்தவர்கள் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பார்கள், சிலர் பக்கத்தைக் கிழித்து மடித்து வைப்பார்கள். ஒருவர் இறந்துபோனால் அறையை அன்று மாலையே காலி செய்கிறார்கள். சொந்தக்காரர்கள் துணிமணியோடு நூலகப் புத்தகத்தையும் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். துக்க வீட்டுக்கு போன் போட்டு "புத்தகம் இருக்கிறதா" என்று எப்படிக் கேட்பது? இதெல்லாம் வருடத்துக்கு இத்தனை போகும் என்று முதலிலேயே கழித்துவைத்துவிட வேண்டிய சேதாரம். தன்னார்வலர் தலையில் கட்டினால் அடுத்த ஆள் வரமாட்டான்.

எங்கள் வார்டர் சார் வேலையில் சேர்ந்தது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய சிறையில். 2006-ல் எல்லோரையும் புழலுக்கு மாற்றியபோது அவரும் கூடப் போனார். சிறை நூலகத்தைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டால் எங்கள் கண்ணாடி பீரோவைப் பற்றிச் சொல்வது போலவே இருந்தது. வெளியே வேண்டாதது உள்ளே வரும், உள்ளே வேண்டியது வராது. விசாரணைக் கைதிகள் தேடுவது சட்டப் புத்தகம், தன் வழக்கின் பிரிவு என்ன, ஜாமீன் எப்போது கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டுச் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் சேகரித்தது. நல்ல முயற்சி. கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, குற்ற விசாரணை முறைச் சட்டமும் மாறிவிட்டது. புதிதாக உள்ளே வருகிறவருக்கு வக்கீல் வீட்டில் ஒதுக்கிய பழைய சட்டப் புத்தகம் தப்பான பிரிவு எண்ணைத்தான் காட்டும்.

ஒவ்வொரு சிறையிலும் நூலகம் இருக்க வேண்டும், கைதிகள் அதை முழுமையாகப் பயன்படுத்த ஊக்குவிக்க வேண்டும் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகள் சொல்கின்றன, 64-வது விதி, 2015. பிரேசிலில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக்கொடுத்தால் தண்டனையில் 4 நாள் கழியும், வருடத்துக்கு 12 புத்தகம் வரை. இதைச் சொன்னதும் வார்டர் சார், "நம்ம ஊர்ல அப்படி வெச்சா கேன்டீன்ல கூட்டம் குறைஞ்சிடும்மா" என்றார்.

இதெல்லாம் தர்மகாரியம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. அந்தச் சட்டத்தின்படிதான் சொத்து வரியோடு நூலக வரி வாங்குகிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 காசு. சொந்த வீடு இருந்தவரை நானும் கட்டினேன். அந்தச் சட்டத்துக்குப் பாடுபட்ட நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது. கால் இருக்கிற வாசகருக்கு என்று அதில் போடவில்லை. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார், தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். மாட்டுவண்டி காலத்திலேயே நடந்த காரியத்துக்கு இன்று செமஸ்டர் விடுமுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சம்பளத்தில் ஓர் ஆள், ஒரு ஆட்டோ போதும். தன்னார்வலர்கள் வாசித்துக் காட்டட்டும், பேசட்டும். புத்தகக் கணக்கை அந்தச் சம்பளக்காரர் பார்த்துக்கொள்வார்.

ஒருமுறை வேன் வைத்து எங்களைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போனார்கள். லிப்ட், சக்கர நாற்காலி, தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு எல்லாம் பிரமாதம். ஆனால் அது திருவிழாவுக்குப் போய்வந்த மாதிரிதான், அடுத்த வாரம் படிக்கப் புத்தகம் அங்கிருந்து வராது. அதற்குப் பக்கத்துக் கிளை நூலகம்தான் கதி.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை ஏற்பாடு செய்ய வேண்டுமானால் அந்தக் கிளைக்கு நேரில் போய் நூலகரிடம் 'நூலக நண்பர்கள்' என்று கேளுங்கள். பெயர், முகவரியோடு என்ன பிடிக்கும், எந்தக் கண்ணில் பார்வை, எவ்வளவு கனம் தூக்க முடியும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலை நீங்களாக எழுதாமல் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். என் மகள் எனக்காக எழுதியிருந்தால் ஆன்மிகம் என்று போட்டிருப்பாள். கிளம்பும் முன் விடுமுறை நாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள், எங்கள் கிளைக்கு வெள்ளிக்கிழமை.