"சர்ஜன் வந்துகிட்டே இருக்கார்" என்றார்கள், ஏழு மணி நேரம் காத்திருந்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். நடந்தது அவன் உடம்பில், அதுவும் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில். அதனால் அவனிடமே கேட்டேன். "என் பேரு போடாம எழுதுப்பா. வேற பசங்களுக்குத் தெரியட்டும்" என்றான். ஆஸ்பத்திரியின் பெயரையும் ஊரையும் நான் எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கட்டும். ஆனால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று நீலகிரியில் எங்கே இருந்தாலும் வீட்டில் ஆண் பிள்ளை உள்ளவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் பச்சைத் தேயிலை ஏற்றுகிற பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, லோடு இல்லை. புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடந்த காலை. நான்கு மணி இருக்கும், மகன் எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். இரண்டு முறை வாந்தி. என் அம்மா பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினார், ஓமத்தண்ணீர் கொடுத்தார். சூட்டு வலியாக இருக்கும், விடிந்ததும் சரியாகிவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆறரைக்குப் பாத்ரூமுக்கு நடந்தவன் காலை அகட்டி அகட்டி வைத்தான். அது என் கண்ணில் பட்டது, ஆனால் மனதில் பதியவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அந்த நடைதான்.

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடலாம் என்றாள் என் மனைவி. 2025 ஏப்ரலில் திறந்த, 700 படுக்கை கொண்ட புது மருத்துவமனை. நான்தான் வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே யார் இருப்பார்கள், வரிசையில் நிற்க வைப்பார்கள், பக்கத்தில் பணம் கட்டிப் பார்த்தால் சீக்கிரம் பார்ப்பார்கள் என்று சொன்னேன். நாங்கள் போன தனியார் மருத்துவமனையின் போர்டில் '24 மணி நேர அவசர சிகிச்சை' என்றும் 'குழந்தைகள் அறுவை சிகிச்சை' என்றும் பெரிதாக எழுதியிருந்தது. ஏழு மணிக்கு உள்ளே போனோம்.

டியூட்டி டாக்டர் இளைஞர். வயிற்றை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். கால்சட்டையைக் கீழே இறக்கிப் பார்க்கவில்லை. "அப்பெண்டிக்ஸா இருக்கலாம், சர்ஜன் பத்து மணிக்கு வந்துடுவார்" என்றார். பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கேட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் காட்டினேன். "ஞாயிற்றுக்கிழமை அப்ரூவல் வராது" என்றார் பில்லிங்கில் இருந்தவர். மச்சானிடம் ஜிபேயில் வாங்கிக் கட்டினேன். வலி ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். எட்டரைக்கு நர்ஸ் வந்து "பையனுக்கு இட்லி ஏதாவது குடுங்க" என்றார். அறுவை சிகிச்சை இருக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிற பிள்ளைக்கு வெறும் தண்ணீர்கூடக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அது எனக்கு அன்று தெரியாது. அந்த நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்து மணிக்குக் கேட்டேன். "சர்ஜன் கோயம்புத்தூர்ல இருந்து கிளம்பிட்டார்." பதினொரு மணிக்குக் கேட்டேன். "மேட்டுப்பாளையம் தாண்டிட்டார்." ஸ்கேன் எடுப்பவர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். வயிறு ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்று தாளை மடித்து அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டே காலுக்கு மகனைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தியதும் மெதுவாகச் சொன்னான். "அப்பா, வயிறு இல்லப்பா. கீழ."

பார்த்தேன். விதைப்பை இடது பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. ஒரு விரை மேலே ஏறி நின்றது. தொட விடவில்லை. "காலையிலயே ஏண்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "அம்மாவும் பாட்டியும் இருந்தாங்க. அப்புறம் நர்ஸ் அக்கா இருந்தாங்க" என்றான். எட்டு மணி நேரம் அந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருக்கிறான் பிள்ளை. ஓடிப் போய் டியூட்டி டாக்டரைக் கூட்டி வந்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து சொன்னது அதே வார்த்தைதான்: "சர்ஜன் வந்துகிட்டே இருக்கார்."

அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் எங்களைக் காப்பாற்றினார். ஒரு மணி வாக்கில் வாளியோடு பக்கத்தில் வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, "தம்பி, ஞாயித்துக்கிழமை இங்க ஆப்பரேஷனே கெடையாது. மயக்க மருந்து டாக்டரு இல்ல. புள்ளைய வேற எங்கயாச்சும் கொண்டு போ" என்றார். அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்பதும் நான் பெயர் எழுதாததற்கு ஒரு காரணம்.

உடனே டிஸ்சார்ஜ் கேட்டேன். அப்போதுதான் நிஜ முகம் தெரிந்தது. மருத்துவ ஆலோசனையை மீறி நானே அழைத்துப் போவதாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பில் 18,650 ரூபாய், மீதியைக் கட்டினால்தான் ஸ்கேன் தாள் தருவார்களாம். "108 இந்த நேரத்துல வராது, எங்க ஆம்புலன்ஸ் இருக்கு, ஒன்பதாயிரம்" என்றார் ஒருவர். நான் அவர் பேச்சைக் கேட்காமல் 108-க்கு அடித்தேன். இருபது நிமிடத்தில் வாசலில் நின்றது. பில் தகராறு முடிய ஒன்று ஐம்பது ஆகிவிட்டது. ஆம்புலன்ஸில் இருந்த மருத்துவ உதவியாளர் பையனைப் பார்த்ததுமே உதகைக்குப் போன் போட்டு, என்ன வலி, எத்தனை மணி முதல், கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டார். நாங்கள் போய் இறங்கும்போது இரண்டு நாற்பது. மூன்றே காலுக்கு ஆப்பரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போய்விட்டார்கள். வரிசை இல்லை, அட்வான்ஸ் இல்லை.

உதகை சர்ஜன் என்னை உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இதற்கு டார்ஷன் என்று பெயர். விரைக்கு ரத்தம் கொண்டு போகும் தண்டு கயிறு முறுக்கிக்கொள்வது போல முறுக்கிக்கொள்கிறது, ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் 12 வயதுக்கு மேல் வளர்கிற பையன்களுக்கு வரும். அடிபட வேண்டும் என்றில்லை, தூக்கத்தில்கூட வரும். அடிவயிற்று வலியாகவும் வாந்தியாகவும் தொடங்குவது சகஜம், அதனால்தான் ஏமாந்துவிடுகிறார்கள். ஆறு மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம். பன்னிரண்டு மணி நேரத்தை நெருங்க நெருங்க வாய்ப்பு குறைந்துகொண்டே வரும், ஒரு நாள் தாண்டினால் அநேகமாக இல்லை. அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்க மாட்டோம் என்றார்.

எங்கள் மகனுக்கு வலி தொடங்கிப் பதினொரு மணி நேரம் தாண்டியிருந்தது. முறுக்கை எடுத்து, வெதுவெதுப்பான ஈரத் துணியில் சுற்றி வைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். திரும்பவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னபோது கையெழுத்துப் போட்டேன். இடது விரையை எடுத்துவிட்டு, வலது பக்கமும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அதைத் தையல் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு விரை இருந்தாலே போதும், வளர்ச்சிக்கோ பிற்காலத்தில் குழந்தை பெறுவதற்கோ தடை இருக்காது என்று சர்ஜன் அவனுக்கே புரியும்படி சொன்னார். அதற்கப்புறம்தான் அவன் சாப்பிட்டான்.

காலை ஏழு மணிக்கே அங்கே ஒருவர் "எங்ககிட்ட இன்னிக்கு சர்ஜன் இல்ல, உடனே உதகைக்குப் போங்க" என்று சொல்லியிருந்தால், முக்கால் மணி நேரத்தில் போயிருப்போம். வலி தொடங்கி நாலு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆள் இல்லாததைக் குற்றம் சொல்லவில்லை, மலையில் எல்லா இடத்திலும் எல்லா டாக்டரும் இருக்க முடியாது. இல்லை என்று சொல்லாமல், பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளையைப் படுக்கையில் வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்றார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அட்வான்ஸ் கட்டும் முன் கவுண்டரிலேயே கேளுங்கள்: பிள்ளைக்கு ஆப்பரேஷன் தேவைப்பட்டால் செய்கிற சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் இப்போது இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார்களா? "வருவார்" என்று பதில் வந்தால் அங்கிருந்தே 108-க்கு அடியுங்கள். பையனுக்கு அடிவயிறு வலி என்றால் அப்பாவோ மாமாவோ தனியாகக் கூட்டிப் போய்க் கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள், பாருங்கள். டாக்டர் பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பில் விஷயம். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோது அதில் 'சர்ஜன் ஆலோசனைக் கட்டணம் 2,000' என்று இருந்தது. வராத சர்ஜனுக்கு. மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டேன். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. ஒன்பதாவது நாள்தான் கொடுத்தார்கள். அதில் நாங்கள் வந்த நேரம் காலை 10.40 என்றும், அறுவை சிகிச்சைக்குத் தந்தை மறுத்துவிட்டார் என்றும் எழுதியிருந்தது.

ஆனால் அவர்களுடைய மருந்துக் கடையில் டிரிப்ஸ் வாங்கிய பில் என் ஸ்வெட்டர் பாக்கெட்டிலேயே கிடந்தது. அச்சான நேரம் காலை 7.22. அட்வான்ஸ் போன ஜிபே நேரமும் போனில் இருக்கிறது. இரண்டையும் வைத்து, உதகையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து, மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அதற்கும் தயாராகிறேன்.

உங்களிடமும் இப்படி ஏதாவது பில் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பில் மெஷினில் அச்சாகி வருகிற அந்த வழவழப்பான தாளில் அச்சு சில மாதத்தில் மங்கிப் போகும். என்னுடையதில் இப்போதே தேதி பாதிதான் தெரிகிறது. நல்ல வேளை, நேரம் இன்னும் தெளிவாக இருக்கிறது.