சாயமிட்ட முடிக்கான ஷாம்புவும் கீழக்கரைத் தண்ணீரும்

சாயமிட்ட முடிக்கென்றே விற்கப்படும், சல்பேட் என்ற நன்கு நுரைக்கும் கடுமையான சலவைப் பொருள் சேராத ஷாம்பு ஒன்றை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் அதன் விலை இறங்கியதும், வாங்கலாமா என்று தொண்டியிலிருந்து மதினி கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நுரை. புட்டியின் பின்புறம் ஒரு நாணய அளவு எடுத்தால் போதும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கீழக்கரையில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் அந்த அளவு தலையின் ஒரு பக்கத்துக்குக்கூடப் போதாது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உப்பும் கலந்த தண்ணீரில் எந்த ஷாம்புவின் நுரையும் அடங்கிப் போகும். சல்பேட் இல்லாத மென்மையான ஷாம்புவோ நுரைக்கவே மறுக்கிறது. எண்ணெய் போகவில்லையே என்று மறுபடியும் ஊற்றித் தேய்க்க வேண்டியிருப்பதால், புட்டி சொன்ன காலத்துக்கு வெகு முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது. இந்த எரிச்சல் இன்றுவரை எனக்கு அடங்கவில்லை, ஏனென்றால் இதில் வீணாவது ஷாம்பு மட்டுமல்ல, நிறமும்தான்.

நிரந்தரச் சாயம் பூசும்போது அம்மோனியா முடியின் மேற்செதில்களைத் திறந்துவிடுகிறது. சிறிய மூலக்கூறுகள் உள்ளே புகுந்து, பெராக்சைடின் உதவியால் ஒன்றோடொன்று சேர்ந்து நிறமாகின்றன. அவ்வாறு திறந்து மூடிய செதில்கள் முன்போல இறுக்கமாகப் படிவதில்லை. முடி தண்ணீரில் ஊறி உப்பும் ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. ஆகவே நுரைக்காத ஷாம்புவை மூன்று முறை போட்டு மூன்று முறை அலசுகிறவர், நிறத்தைக் காக்கும் பொருளைக் கொண்டே நிறத்தைக் கழுவி விடுகிறார். சாயத்தால் சிதைந்த முடியில் கால்சியம் எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், பளபளப்பும் குறைந்து, கறுப்பு சீக்கிரமே செம்பட்டையாகத் தெரிகிறது.

நான் எதிர்பாராமல் மகிழ்ந்ததும் இதே ஷாம்புவிடம்தான். திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு குடத்தைத் தனியே எடுத்துவைத்து, அதில்தான் ஷாம்புவைக் கரைத்துத் தேய்ப்பது, கடைசி அலசலுக்கும் அதையே ஊற்றுவது என்று மாற்றிய பிறகு, அதே நாணய அளவு ஷாம்பு தலை முழுவதும் நுரைத்தது. இடையில் அழுக்கு நீங்க அலசுவதற்கு மட்டும் போர் தண்ணீர் போதும். உச்சந்தலையில் அரிப்பு இல்லை, நுனி வறளவில்லை, காதோரத்து நிறம்கூட வேர் நரை தலைகாட்டும் வரையில் நின்றது. ஐப்பசி, கார்த்திகையில் மாடியிலிருந்து பிடிக்கும் மழைத் தண்ணீரில் குளித்தால் பலன் இன்னும் நன்றாக இருக்கிறது. நல்ல தண்ணீரைத் தள்ளுவண்டியில் குடம் குடமாகக் கொண்டுவரும் வீடுகள் நிறைந்த எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில், தலைக்கு ஒரு குடம் என்று எழுத எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

குழாயில் மாட்டும் கரி வடிகட்டியை நம்ப வேண்டாம். அது குளோரினைக் குறைக்குமே தவிர, கரைந்திருக்கும் உப்பை எடுக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் சுண்ணாம்பும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் நீங்கும், உப்பு அப்படியே இருக்கும். குளிக்கும் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. கடின நீரில் அது படிவாகத் திரண்டு முடியில் பிசுபிசுக்கும். சாயம் பூசிய பின் இரண்டு நாளாவது ஷாம்பு படாமல் இருப்பது நல்லது. பாம்பன் வழியாகப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து போகிறவர்கள் பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளட்டும், ஏனெனில் வெயிலின் புற ஊதாக் கதிரும் நிறத்தை வெளுக்கும்.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், வாங்க வேண்டாம் என்றே மதினியிடம் சொன்னேன். விலை இறங்கியும்கூட அது சாதாரண மென்மையான ஷாம்புவைவிட மிகவும் கூடுதல். நல்ல தண்ணீர் கிடைத்தால்தான் வேலை செய்யும் ஒரு பொருளை, உப்புத் தண்ணீர் ஊருக்கும் அதே குறிப்போடு விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு வரி எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும். மதினி வீட்டில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீரும், ஏதேனும் ஒரு மென்மையான ஷாம்புவும், மிச்சப்படும் பணத்தில் நல்ல கண்டிஷனர் ஒன்றும் அவர்களுக்குப் போதும். ஷாம்பு முடியின் நீளத்தில் தேயாமல் வேரோடு நிற்கட்டும், கண்டிஷனர் நுனிக்குப் போகட்டும். என்னிடம் இருக்கும் புட்டி தீரும் வரை நானும் குடத்தோடுதான் குளிப்பேன். அடுத்த புட்டி வாங்குவதாக இல்லை.